பொறியை வைத்தவன் எந்த வேற்றுமையில் இருக்கிறான்?

நின்டெண்டோ நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ விளையாட்டின் நிலவறைகளில் ஒரு விந்தையான பகைவன் உண்டு. அதன் பெயரே ‘டிராப்’, அதாவது பொறி. முட்கள் பொருத்திய சதுரக் கட்டையாக அறையின் மூலையில் அசையாமல் கிடக்கும். கதைத்தலைவன் லிங்க் அதற்கு நேர்க்கோட்டில் கால் வைத்தவுடன் பாய்ந்து வரும். எதிர் மூலையிலிருந்து வரும் மற்றொன்றுடன் நடுவழியில் மோதும். பிறகு மிக மெதுவாகத் தன் மூலைக்குத் திரும்பும். வாளால் வெட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. 1991, 1993, 1998 எனத் தொடரின் அடுத்தடுத்த ஆட்டங்களிலும் ‘பிளேட் டிராப்’ என்னும் பெயரில் அது வந்துகொண்டே இருந்தது. தோற்றம் சற்று மாறியிருக்கலாம், குணம் மாறவில்லை.

உயிரில்லாத, கொல்ல முடியாத, தனக்கென எந்த நோக்கமும் இல்லாத ஒரு கட்டையைப் பகைவர் வரிசையில் வைத்ததை வகைப்பாட்டுப் பிழை என்று நகைப்போர் உண்டு. அது தடை, அறையின் ஒரு பகுதி, சுவரைப் போன்றது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கு ஆட்டத்திலேயே ஒரு சான்றும் கிடைக்கிறது. முதல் ஆட்டத்தின் சில அறைகளில் பகைவர் அனைவரையும் வீழ்த்தினால்தான் அடைத்த கதவு திறக்கும். ஆனால் பொறிகள் நான்கு மூலைகளிலும் அப்படியே கிடக்கும்போதே கதவு திறந்துவிடும். பெயர்ப்பட்டியலில் பகைவன், கணக்கில் இல்லாதவன்.

இருந்தும் அந்தப் பட்டியல் செய்த ஒரு நல்ல காரியத்தை மறுக்க முடியாது. பொறியை அது எழுவாயாக்கியது. ‘பொறி பாய்கிறது, பொறி தாக்குகிறது’ என்று முதல் வேற்றுமையில் நிறுத்திச் சொன்னது. தமிழ் நாளிதழ்கள் இந்த அளவு நேர்மையைக்கூட இன்னும் எட்டவில்லை.

2024 மே மாதம் பாலக்காடு மாவட்டம் கொல்லங்கோட்டுப் பகுதியில் ஒரு தோட்டத்துக் கம்பிவேலியில் சிறுத்தை ஒன்று உடல் இறுகிக் கிடந்தது. வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி அதை மீட்டுக் கூண்டுக்கு மாற்றினர். சில மணி நேரத்தில் அது இறந்தது. நெல்லியாம்பதி மலைகளின் அடிவாரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே தேநீர்க்கடையில் புழங்கும் ஊர் அது. செய்தி இரு மொழிகளிலும் பரவியது. மலையாளத்தில் ‘புலி’ என்றால் சிறுத்தை, புலிக்கு அங்கே ‘கடுவா’ என்று பெயர். ஆகவே எல்லையைக் கடக்கும் இத்தகைய செய்திகளில் விலங்கே மாறிப்போவதும் உண்டு. மாறாமல் எல்லையைக் கடப்பது வினைச்சொல்தான். தமிழில் ‘கம்பிவேலியில் சிக்கியது’. மலையாளத்தில் ‘குடுங்ஙி’.

‘சிக்கு’ தன்வினை. அதற்கு எழுவாய் சிறுத்தை. வேலி ஏழாம் வேற்றுமையில் வெறும் இடமாக நிற்கிறது: வீட்டில், காட்டில், வேலியில். சிறுத்தை ஓரிடத்துக்குப் போனது, அங்கே அதற்கு ஏதோ நேர்ந்தது என்பதற்கு மேல் அந்தத் தொடர் எதையும் சொல்வதில்லை. வேலியை மூன்றாம் வேற்றுமைக்கு மாற்றி ‘வேலியால் இறந்தது’ என்று எழுதிப் பார்த்தால் நிலைமை வேறாகிறது. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்கு வினைமுதலையும் கருவியையும் ஒருசேரப் பொருளாக்கியது தற்செயல் அன்று. கருவி என்று ஒன்றைச் சொன்னவுடன் அதைப் பிடித்த கை எது என்ற கேள்வி எழுகிறது. இடத்துக்கு அப்படி ஒரு கேள்வி இல்லை.

செய்தித்தாள் இன்னும் ஒருபடி மேலே போய் ‘மாட்டிக்கொண்டது’ என்று எழுதும்போது அநீதி முழுமையடைகிறது. ‘கொள்’ என்னும் துணைவினை செயலின் விளைவை எழுவாயின் மீதே திருப்புவது. அது எப்போதும் விருப்பத்தைக் காட்டுவதில்லை, தற்செயலையும் காட்டும், ‘தலையை இடித்துக்கொண்டான்’ என்பதில் அவன் விரும்பி இடிக்கவில்லையே என்று இலக்கணம் அறிந்தவர் மறுக்கக்கூடும். சரிதான். ஆனால் அந்தத் தொடரில் குனியாமல் போனவன் யார்? அவனே. விருப்பம் இல்லாவிடினும் கவனக்குறைவு அவனுடையதாகிறது. சிறுத்தையின் மீது அந்தக் கவனக்குறைவை ஏற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதே ‘மாட்டு’ என்னும் வினைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. நற்றிணையின் 119ஆம் பாடலில் தினையை மேயவரும் காட்டுப்பன்றிக்காகப் புனங்காவலன் ஒருவன் கல்லாலான அடாரை அமைக்கிறான். அதில் வந்து வீழ்வது பன்றி அன்று, புலி. இன்றைய மலையடிவாரத்துச் செய்தி ஒவ்வொன்றும் அந்தப் பாடலின் மறுபதிப்பைப் போலிருக்கிறது: பன்றிக்கென்று வைத்தது வேறோர் உயிரை எடுக்கிறது. ஆனால் அங்கே பொறியை ‘மாட்டிய’வன் புனவன் என்று பெயரெச்சம் தெளிவாகச் சுட்டுகிறது. வைத்தவன் எழுவாய், பொறி அவனுடைய செயப்படுபொருள், புலி அதன் பிறகு வருவது. காரணம், கருவி, விளைவு மூன்றும் ஒரே தொடரில் தத்தம் இடத்தில் நிற்கின்றன. அன்று புனவன் மாட்டினான். இன்று சிறுத்தை மாட்டிக்கொள்கிறது. இடையில் காணாமற்போனது ஒரு மனிதன்.

மொழிக்கு வசதியில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு, திரும்பு–திருப்பு எனத் தன்வினையையும் பிறவினையையும் ஒரே மெய்யொலி மாற்றத்தால் பிரித்துக்காட்டும் மொழிக்குடும்பம் இது. மலையாளத்தில் ‘குடுங்ஙு’ என்பதற்கு இணையாகக் ‘குடுக்கு’ தயாராக இருக்கிறது. சுருக்குக்கண்ணிக்கும் அங்கே அதுவே பெயர். தமிழில் ‘சிக்கவை’, ‘அகப்படுத்து’, ‘வீழ்த்து’ ஆகியன உள்ளன. ‘இடநெருக்கடி, தலைப்பில் சொற்கள் குறைய வேண்டும்’ என்று செய்தி ஆசிரியர்கள் சொல்லக்கூடும். ‘மின்வேலியில் சிக்கி யானை பலி’ என்பதும் ‘மின்வேலி வைத்து யானை கொலை’ என்பதும் நான்கே சொற்கள்தாம்.

இந்த இலக்கணச் சண்டைக்கு நாட்டின் சட்டமே ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட வரையறை கொல்லுதலோடு நின்றுவிடவில்லை. கண்ணி வைத்தல், பொறி வைத்தல், இரை காட்டி இழுத்தல், இவற்றுக்கான முயற்சி ஆகிய அனைத்தும் வேட்டையே. விலங்கு இன்னும் வந்து சேராதபோதே வைத்தவன் வினைமுதலாகிவிடுகிறான். சட்டத்தின் வாக்கியம் பிறவினையில் இருக்கிறது. அதை மீறிய செயலைப் பற்றிய செய்தி மட்டும் தன்வினையில் இருக்கிறது.

கொல்லங்கோட்டுச் சிறுத்தையின் நிகழ்வில் ஒரு தயக்கத்துக்கு இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலி காவலுக்கானது, பிடிப்பதற்கென்று வைத்ததாகாது. ஆனால் அந்தத் தயக்கத்தின் பலன் எல்லா வேலிகளுக்கும் ஒருசேரக் கிடைத்துவிடுகிறது என்பதே இங்குள்ள சிக்கல். சூரிய ஆற்றல் வேலி ஒரு நொடிக்கும் குறைவான துடிப்பாகவே மின்சாரத்தைச் செலுத்தும். விலங்கு அதிர்ந்து விலகும். மின்கம்பியிலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டு இழுத்த கம்பி இடைவிடாத மின்சாரம். தொட்டது விலக முடியாது. முன்னது தடை, பின்னது கொலைக்கருவி. நாளிதழில் இரண்டுக்கும் ‘மின்வேலி’ என்றே பெயர்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலி மூன்று யானைகளைக் கொன்றது. உடன்வந்த இரு குட்டிகள் மட்டும் உயிரோடு நின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் பாலக்காடு நகரை ஒட்டிய கரிங்கரப்புள்ளியில் பன்றிக்கென வைத்த மின்கம்பி இரண்டு இளைஞர்களைக் கொன்றது. அவர்களின் உடல்கள் அதே வயலில் புதைக்கப்பட்டிருந்தன. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்று நீரில் நின்றபடியே ஒரு கருவுற்ற யானை இறந்தது. வெடிபொருள் வைத்த பழமோ காயோ அதன் வாயைச் சிதைத்திருந்தது. தமிழகத்து மலையோரங்களில் அதற்கு ‘அவுட்டுக்காய்’ என்று பெயர். அந்த யானைக்காக நாடே கண்ணீர் சிந்தியது. சில நாட்கள் மாவட்டத்தின் பெயரைக்கூட மாற்றிச் சொல்லி ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கப் பார்த்தது. வைத்தவனின் இடத்தைக் காலியாக விட்டால் அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

‘நகரத்து ஆய்வாளருக்கு விவசாயியின் துயரம் புரியாது, ஒரே இரவில் வாழையும் நெல்லும் பன்றிக்குப் போனவன் வேறென்ன செய்வான்’ என்று இதற்கு மறுமொழி வரும். துயரம் உண்மை. கேரள அரசு 2022இல் பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியதும் அந்தத் துயரத்தின் அழுத்தத்தால்தான். ஆனால் இந்த மறுமொழி வைத்தவனை மறைப்பதற்கான காரணமாகாது. அவனைச் சொல்வதற்கான காரணம். ‘சிக்கியது’ என்னும் சொல் விவசாயியைக் காப்பாற்றுகிறது என்பது மயக்கம். அது அவனுடைய குற்றத்தோடு அவனுடைய கதையையும் சேர்த்தே அழிக்கிறது: வராத இழப்பீடு, கட்டுப்படியாகாத சூரிய வேலி, காட்டை ஒட்டி விற்கப்பட்ட நிலம், அதை விற்றவர், கொக்கி போட்ட கம்பியைக் கண்டும் காணாமற்போன அலுவலர். வினைமுதல் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. பலர்பாலும் உண்டு.

செல்டாவின் பொறியிடம் உள்ள குறையும் இதுவே. பொறியை எழுவாயாக்கியது நேர்மை. ஆனால் அதை மூலையில் வைத்தவர் யார் என்று அந்த ஆட்டம் கேட்கவே விடுவதில்லை. விளையாடுபவருக்கு அது கற்றுத்தருவது ஒன்றே: பொறியின் தூரத்தை அளந்துகொள், அது பாயட்டும், மெதுவாகத் திரும்பும் அந்த இடைவெளியில் கடந்துபோ. அறை அப்படித்தான் இருக்கும். விளையாட்டுக்கு அது போதும். நிலவறைக்குக் குடியிருப்போர் இல்லை.

விளையாட்டு ஆய்வு என்ற பெயரில் ‘செயலாண்மை’ பற்றிக் கட்டுரைகள் குவியும் காலம் இது. எந்தக் கற்பனை உயிருக்குச் செயலாண்மை உண்டு, எதற்கு இல்லை என்பது கருத்தரங்குகளில் நீண்ட விவாதமாகிறது. அந்தக் கருத்தரங்கு நடக்கும் நாளில் அரங்கின் வாசலில் கிடக்கும் நாளிதழில் ‘சிக்கி பலி’ என்றிருப்பதை எவரும் ஒரு தரவாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை. வேற்றுமையியலில் முனைவர் பட்டம் பெறுவோர் ஏழாம் வேற்றுமைக்கு இன்னும் மரத்தில் பறவையையும் வீட்டில் பூனையையும் எடுத்துக்காட்டாகத் தருகின்றனர். வேலியில் சிறுத்தை என்னும் எடுத்துக்காட்டுக்கு என்ன குறை? பத்தாண்டுச் செய்தித் தலைப்புகளைத் திரட்டி, மின்வேலி, கண்ணி, அவுட்டுக்காய் ஆகிய சொற்கள் எந்த வேற்றுமை உருபோடு வருகின்றன, இறந்தது மனிதராயின் உருபு மாறுகிறதா, வைத்தவர் கைதான மறுநாள் வினை பிறவினையாகிறதா என்று எண்ணிப் பார்க்க ஒரு முதுகலை மாணவருக்கு ஓர் அரையாண்டு போதும். தமிழையும் மலையாளத்தையும் ஒருசேர வாசிக்கக்கூடியவர்கள் சித்தூர் வட்டத்தில் ஏராளம்.