பலகைத் தமிழும் பயன்படு தமிழும்

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கினையும் அதிகாரத்துவ மொழிகள் என்று வரையறுக்கிறது. உலகில் தமிழுக்கு இத்தகைய தகுதியை வழங்கியுள்ள நாடுகள் மிகச் சிலவே. இந்த உண்மையை எடுத்துரைக்காத தமிழ் மேடை இந்நாட்டில் இல்லை. அதனைக் கேட்டுக் கைதட்டாத தமிழரும் இல்லை. ஆயினும், விழா முடிந்து வீடு திரும்பும் தமிழர், தம் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி அருகே ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்பை ஒரு கணம் நின்று படித்துப் பார்ப்பாராயின், அந்தப் பெருமையில் எவ்வளவு ஏட்டோடு நின்றுவிட்டது என்பது அவருக்கு விளங்கிவிடும். தலைப்பு நான்கு மொழிகளிலும் இருக்கும். எந்த நாள், எந்த நேரம், குடியிருப்பாளர் செய்ய வேண்டியது யாது, ஐயம் எழுந்தால் யாரை அழைப்பது என்னும் விவரங்களோ பல வேளைகளில் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும்.

பொது அமைப்புகளின் இணையத்தளங்களிலும் இதே நிலைதான். முகப்பில் தமிழ் வணக்கம் கூறும். இரண்டு படி உள்ளே சென்றதும் விடைபெற்றுக்கொள்ளும். விண்ணப்பப் படிவம், தகுதி விதிகள், மேல்முறையீட்டு வழி ஆகிய அனைத்தும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முன்னோர் சொன்னது இத்தகைய நிலையைக் கண்டுதான் போலும்!

"இன்று ஆங்கிலம் அறியாத தமிழர் யார்?" என்று உடனே ஒரு கேள்வி எழும். அதனை எழுப்புவோர் பெரும்பாலும் தமிழரே என்பதுதான் வருந்தத்தக்கது. இக்கேள்விக்குப் புள்ளிவிவரம் துணை நிற்பது போலவும் தோன்றும். 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியச் சமூகத்தினருள் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 59.2 விழுக்காட்டினர், தமிழை மிகுதியாகப் பேசுவோர் 29.2 விழுக்காட்டினர். 2010-இல் தமிழ் பேசுவோர் 36.7 விழுக்காடாக இருந்தனர். எனவே தமிழில் செய்தி தருவது வீண் செலவு என்று முடிவு கட்டுவது எளிது.

ஆனால் அந்த 29.2 விழுக்காட்டினருள் எத்தகையோர் அடங்குவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல்தான் மூடப்பட்டது. தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்டு கற்றவர்கள் இன்றும் இந்த நகரில் வாழ்கிறார்கள். அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள். பள்ளி வாயிலையே காணாமல் உழைத்துக் குடும்பத்தை உயர்த்திய தாய்மார்களும் அவர்களிடையே உள்ளனர். மருத்துவ உதவி, முதியோர் சலுகை, வீட்டுச் சீரமைப்பு என அரசாங்கத்தின் செய்திகளை மிகுதியாக நாட வேண்டியவர்கள் இவர்களே. செய்தி எவருக்கு இன்றியமையாததோ, அவருக்கு விளங்காத மொழியில் அதனை அனுப்பிவிட்டு, "அறிவித்துவிட்டோம்" என்று கணக்கு முடிப்பது எவ்வகையில் அறமாகும்?

பேரன் படித்துச் சொல்வான் என்பது அடுத்த விடை. பேரன் பள்ளியிலிருந்து திரும்பும்வரை பாட்டி காத்திருக்க வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பலதுறை மருந்தகத்திலிருந்து வரும் கடிதத்தில் உள்ள நோயின் பெயரையும், சேமநிதிக் கணக்கில் எஞ்சியிருக்கும் தொகையையும் பேரன் வழியாகவே அறிய வேண்டிய மூதாட்டிக்குத் தன்மானம் என்று ஒன்று இல்லையா? தன் கடிதத்தைத் தானே படித்துக்கொள்ளும் உரிமை, சலுகையாகக் கேட்டுப் பெற வேண்டிய பொருளன்று.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டில் மட்டும் மோசடிக்காரர்களிடம் சிங்கப்பூரில் பறிபோன தொகை ஏறத்தாழ 110 கோடி வெள்ளி என்று காவல்துறை அறிவித்தது. போலிச் செய்திகளை மக்கள் இனங்காண வேண்டும் என்பதற்காக, 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் 'கவ்.எஸ்ஜி' என்னும் ஒரே பெயரில் அனுப்பப்படுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், ஆங்கிலம் படிக்கத் தெரியாத முதியவருக்கு மெய்யான செய்தியும் எழுத்துக் கூட்டமே. பொய்யான செய்தியும் எழுத்துக் கூட்டமே. இரண்டையும் அவர் எங்ஙனம் பிரித்தறிவார்? எச்சரிக்கை செய்வோர், எச்சரிக்கப்படுவோருக்கு விளங்கும் மொழியில் அதனைச் செய்தல் வேண்டும்.

முயன்றால் முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 2020-இல் கொரோனா கிருமி பரவியபோது, அரசாங்கம் வாட்ஸ்அப் வழியாக நான்கு மொழிகளிலும் செய்திகளை அனுப்பியது. முதியோரும், தமிழகத்திலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருந்த ஊழியர்களும் அன்றாட விதிமுறைகளைத் தாய்மொழியிலேயே அறிந்துகொள்ள வழி பிறந்தது. அவசர காலத்தில் கைகூடிய ஒன்று அமைதிக் காலத்தில் கைகூடாது என்பது பொருந்தாத வாதம்.

இனி, தமிழ் இடம்பெறும் இடங்களிலேனும் அது தமிழாக இருக்கிறதா என்பதை நோக்குவோர் நாணித் தலைகுனிய நேரும். 2014-இல் 'லாவ் பா சாட்' என்னும் புகழ்பெற்ற உணவு நிலையத்தின் பெயர்ப்பலகையில் இறுதிச் சொல் சனிக்கிழமையாகக் கருதப்பட்டு 'சனி' என்று எழுதப்பட்டது. ஹொக்கியன் மொழியில் பழைய சந்தை என்று பொருள்படும் பெயர் அது. தமிழில் அதற்குச் சனி பிடித்தது! 2017-இல் தேசிய தின அணிவகுப்பு விளம்பரத் தாள்களில் தமிழ் வாசகம் சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டாளர்கள் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இத்தகைய சிதைவு எங்ஙனம் நேர்கிறது என்பதைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று. 'கெ' என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்கிறது; யூனிகோடு முறையிலோ ககரம் முதலிலும் கொம்பு அதன் பின்னரும் பதிவாகின்றன. அவற்றைத் திரையில் முறைப்படி அடுக்கிக் காட்டுவது மென்பொருளின் வேலை. தமிழுக்கேற்ப அமைக்கப்படாத வடிவமைப்பு மென்பொருளில் வாசகத்தை ஒட்டினால் கொம்பு ஒருபுறமும் எழுத்து ஒருபுறமும் போய் விழும். வடிவமைப்பவர் தமிழ் அறியாதவர். அவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. அச்சகத்தார்க்கும் அஃதே நிலை. மொழிபெயர்த்தவர் பிழையின்றி எழுதியிருப்பார். ஆனால் இறுதி வடிவத்தை அவரிடம் எவரும் காட்டியிருக்க மாட்டார். ஆகவே, பிழையின் வேர் கணினியில் இல்லை. அச்சேறுமுன் ஒரு தமிழரிடம் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் எவருக்கும் எழாமையே அதன் வேர்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2014-இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்டது. அரசாங்கச் சொற்களை நன்கறிந்த மொழிபெயர்ப்பு இயந்திரம் ஒன்று உருவாக்கப்பட்டு, 2022-இல் பொதுமக்களும் அதனைப் பயன்படுத்தவும் திருத்தங்களை முன்மொழியவும் வழி செய்யப்பட்டது. இவை பாராட்டத்தக்க முயற்சிகள். எனினும், இயந்திரம் வந்துவிட்டது, இனி மனிதர் எதற்கு என்னும் மயக்கம் இப்பொழுது தலைதூக்குகிறது. 'எஸ்டேட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோர், அது குடியிருப்புப் பேட்டையா, ரப்பர்த் தோட்டமா, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தா என்பதை இடமறிந்தே தீர்மானிக்க இயலும். 'சார்ஜ்' என்பது கட்டணமாகவும் இருக்கலாம்; நீதிமன்றக் குற்றச்சாட்டாகவும் இருக்கலாம். பராமரிப்புக் கட்டணம் செலுத்தத் தவறியவரிடம் குற்றச்சாட்டு நிலுவையில் உள்ளது என்று ஒரு கடிதம் சொல்லுமாயின், அம்முதியவரின் நெஞ்சு என்ன பாடுபடும்? இயந்திரம் முதல் வரைவைத் தரட்டும். பொறுப்பை மனிதர் ஏற்கட்டும்.

பிழையற்ற தமிழாயினும் விளங்காத தமிழாக இருப்பின் பயனில்லை. "மின்தூக்கிப் பராமரிப்புப் பணிகளின் நிமித்தம் சேவை இடைநிறுத்தம் மேற்கொள்ளப்படவுள்ளமை குடியிருப்பாளர்களின் கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது" என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. படிப்பவருக்கோ மூச்சு முட்டும். "செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தூக்கி இயங்காது, பழுது பார்க்கப்படும்" என்றால் எழுபது வயது மூதாட்டியும் அன்றைக்கு முன்னதாகவே சந்தைக்குச் சென்று வந்துவிடுவார். முதல் வாக்கியம் ஆங்கில அலுவலகக் கடிதத்தின் நிழல். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசுகிறார். தமிழில் புலமை காட்டும் ஆசையால் முதல் வகையையே உயர்ந்த நடை என்று கருதும் மொழிபெயர்ப்பாளர்களும் இக்குறைக்குப் பொறுப்பேற்றாக வேண்டும்.

பொறுப்பு அவர்களோடு முடிந்துவிடுவதுமில்லை. பிழையான பலகையைக் கண்டால் தமிழர் செய்வது என்ன? படமெடுக்கிறார், நண்பர்களுக்கு அனுப்புகிறார், சிரிக்கிறார், சினக்கிறார், மறுநாள் மறந்துவிடுகிறார். அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதுவோர் நூற்றில் ஒருவர் தேறுவாரா? தமிழ்ப் படிவமும் ஆங்கிலப் படிவமும் அருகருகே இருக்கும்போது, தமிழ் நன்கு அறிந்தவரின் கை எதனை நோக்கி நீள்கிறது? பயன்படுத்துவோர் இல்லை என்னும் கணக்கைத் தமிழரே எழுதிக் கொடுத்துவிட்டு, தமிழ்ப் பக்கம் காணாமற் போனதே என்று பிறகு புலம்புவதில் என்ன நியாயம் இருக்கிறது?

முன்னோர் இப்படிப் புலம்பிக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950-களில் தமிழர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஊக்கமுடன் எடுத்துரைத்தது. அரசாங்க நடைமுறையைச் சாதாரணத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் சொல்வது சமுதாயப் பணி என்று அவர் கருதினார். கணினிக் காலத்திலும் இந்நகரம் பின்தங்கி நிற்கவில்லை. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழும் உடன் ஏறுவதற்கு எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி பாடுபட்டார். உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய 'உத்தமம்' 2000-இல் இம்மண்ணில்தான் தோன்றியது. இணையத்தில் தமிழுக்குக் கால்கோள் இட்ட நகரிலேயே, நகரத்து இணையப் பக்கங்களில் தமிழ் விருந்தாளியாக நிற்பது பொருந்துமா?

செய்ய வேண்டியவை மலையளவு கடினமானவை அல்ல. குடியிருப்பாளரின் உடல்நலம், வீடு, பணம், பாதுகாப்பு ஆகியவற்றைத் தொடும் அறிவிப்புகளையேனும் ஆங்கிலம் வெளிவரும் அன்றே தமிழிலும் வெளியிடுதல் வேண்டும். ஒருவர் முகப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், கடைசிப் படிவம் வரை அம்மொழி அவருடன் செல்ல வேண்டும். தமிழ் வாசகத்தைப் படமாக ஒட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். படத்திலுள்ள எழுத்தைத் தேடிக் காண்பது கடினம். பார்வையற்றோர்க்கு உரக்கப் படித்துக் காட்டும் கருவிக்கும் அது எளிதில் எட்டாது. அச்சுக்கோ திரைக்கோ செல்லுமுன் இறுதி வடிவத்தைத் தமிழறிந்த ஒருவர் படித்து ஒப்பமிட வேண்டும். பிழை கண்டவர் தமிழிலேயே தெரிவிக்கவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் ஒரு வழி இருக்க வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. "தமிழ் படித்து என்ன பயன்?" என்று மாணவர் கேட்கும்போது, பண்பாடு என்றும் பழம்பெருமை என்றும் கூறும் விடை அவர்கள் செவியில் ஏறுவதில்லை. அதே மாணவரிடம் நகர மன்றத்தின் ஆங்கில அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, அதனை எளிய தமிழில் எழுதச் சொல்லலாம். எழுதியதை வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவருக்கு எது விளங்கவில்லை என்பதைக் குறித்து வரச் செய்யலாம். அந்த முதியவரே தேர்வாளர். அவர் முகத்தில் தோன்றும் தெளிவே மதிப்பெண். கட்டுரைப் பயிற்சியில் மழைக்கால இரவை வருணிக்கத் தெரிந்த மாணவர், டெங்கிக் கொசு ஒழிப்பு அறிவிப்பை நான்கு வரியில் தெளிவாக எழுதத் தெரியாதவராக இருப்பின், அந்தக் கல்வியில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

சட்டம் தமிழுக்கு இருக்கை அளித்துள்ளது. இருக்கையில் அமர்ந்து பணியாற்றாதவரின் பெயர் பலகையில் சில காலம் இருக்கும். பிறகு பலகையும் அகற்றப்படும். அவ்வாறு அகற்றப்படும் நாளில் அரசாங்கத்தை மட்டும் நொந்து பயன் விளையாது. மின்தூக்கி அருகே நின்று, தமிழில் எழுதியிருப்பதைத் தானே படித்து, தானே புரிந்துகொண்டு, எவர் துணையுமின்றி மூதாட்டி ஒருவர் நடந்து செல்லும் காலம் வரட்டும். அன்றைக்குத்தான் 153ஏ பிரிவு ஏட்டைவிட்டு இறங்கி வந்ததாகப் பொருள்.