சின்ன சைக்கிள்... பெரிய பாட்டில்... எங்கே மாட்டுவது?

ஜூன் மாதம். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம். வீட்டுக்குப் புதிதாக 20 இன்ச் சைக்கிள் வந்திருக்கிறது. பெல் வாங்கியாயிற்று, பூட்டு வாங்கியாயிற்று. "தண்ணி பாட்டிலை எங்கம்மா வெக்கிறது?" என்று ஒன்பது வயது மகள் கேட்கும்போதுதான் அம்மாவுக்கு அது உறைக்கிறது. மறுபடியும் கடைக்குப் போனால், "பாட்டில் ஸ்டாண்டு எல்லாம் ஒரே சைஸ்தாம்மா, போட்டுக்கலாம்" என்கிறார் கடைக்காரர். இரண்டே நிமிடத்தில் மாட்டியும் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்து பாட்டிலைச் செருகினால், பாதி வழியிலேயே மேல் பாரில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. கடைக்காரர் சொன்னதிலும் பொய் இல்லை. ஸ்டாண்டு ஏறக்குறைய ஒரே சைஸ்தான். சைக்கிள் ஃபிரேம்தான் ஒரே சைஸ் இல்லை.

குழந்தைகளுக்கு மட்டும் வருகிற சிக்கல் என்றும் இதைச் சொல்ல முடியாது. உயரம் குறைந்த பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், கியர் சைக்கிளில் சிறிய ஃபிரேம் வாங்கும்போதும் இதே தொல்லைதான். மேல் பார், கீழ் பார், சீட் பார் மூன்றும் சேர்ந்த முக்கோணம் சிறுத்துப்போகிறது. தாகம் அப்படிச் சிறுப்பதில்லை.

தொங்கவிடுவதில்தான் ஆபத்து

ஹோல்டர் சரியில்லை என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பாட்டிலின் வாரை ஹேண்டில் பாரில் மாட்டித் தொங்கவிடுவார்கள். பார்ப்பதற்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால், சைக்கிள் ஆட ஆட பாட்டிலும் ஆடும். வாரோ பாட்டிலோ முன் சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய்விட்டால், ஓடுகிற சக்கரம் சட்டென நிற்கும். ஓட்டுகிறவர் முன்பக்கமாகத் தூக்கி எறியப்படுவார். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற ஒரு ஹோல்டரைப் பார்த்து வாங்க வேண்டிய அவசியம் இங்கேதான் இருக்கிறது.

பையில் வைத்தால் ஆபத்து இல்லை. ஆனால், முதுகிலிருந்து பையைக் கழற்றி, பாட்டிலை எடுத்துக் குடிக்கிற பொறுமை எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கும்? காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும்.

கடைக்குப் போகும் முன் டேப் எடுங்கள்

கீழ் பாரில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அவை ஹோல்டருக்காகவே போடப்பட்டவை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழக்கமாக 64 மில்லிமீட்டர். திருகின் பருமன் 5 மில்லிமீட்டர். எந்த கம்பெனி ஹோல்டரும் பெரும்பாலான சைக்கிள்களில் உட்காருவது இந்த ஒரே அளவால்தான். சைக்கிளுக்கென்றே விற்கிற பாட்டில்களும் சுமார் 7.4 சென்டிமீட்டர் விட்டத்தில் வருகின்றன. ஆக, அகலத்தில் பிரச்னை வராது.

பிரச்னை உயரத்தில். அரை லிட்டரை ஒட்டிய சைக்கிள் பாட்டில் சுமார் 19 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். 750 மில்லி பாட்டில் 25 சென்டிமீட்டரைத் தொடும். அந்த 5 சென்டிமீட்டர்தான் சிறிய ஃபிரேமில் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாட்டிலைக் கீழ் பாரின் மேல், திருகுகள் இருக்கும் இடத்தில் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். பிறகு ஹோல்டரிலிருந்து உருவுவதுபோல பாரை ஒட்டியே மேலே இழுக்க வேண்டும். ஒரு சாண் தூரம்கூட நகராமல் எங்காவது முட்டினால், சாதாரண ஹோல்டர் அந்த சைக்கிளுக்கு ஆகாது. பாட்டில் உள்ளே அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். அடங்குவதற்குத் தேவையான இடத்தைவிட வெளியே எடுப்பதற்கு அதிக இடம் வேண்டும்.

பக்கவாட்டில் திறக்கும் ஹோல்டர்

சிறிய ஃபிரேமுக்கு நல்ல தீர்வு இதுதான். சாதாரண ஹோல்டரில் பாட்டிலை மேல்நோக்கி உருவ வேண்டும். இதில் பாட்டிலைச் சாய்த்துப் பக்கவாட்டில் எடுத்துவிடலாம். மேலே இடமே தேவைப்படாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலப்பக்கம் திறப்பது, இடப்பக்கம் திறப்பது என இரண்டு வகை உண்டு. எந்தக் கையால் பாட்டிலை எடுக்கிற பழக்கமோ அந்தப் பக்கம் திறப்பதைக் கேட்டு வாங்குவது நல்லது. மாற்றி வாங்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருகிக்கொண்டுதான் எடுக்க வேண்டியிருக்கும்.

கியர் சைக்கிள்களில் சீட் பாரிலும் இரண்டு திருகுகள் இருக்கலாம். இரண்டு ஹோல்டர் மாட்டினால், கீழே இரண்டு பாட்டில்களும் ஒன்றோடொன்று இடிக்கும். கீழ் பாரில் பெரியது, சீட் பாரில் சிறியது என்று வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதுவும் போதாதென்றால், ஹோல்டரைச் சில சென்டிமீட்டர் இறக்கி மாட்டுவதற்கென்றே நீளத் துளை போட்ட உலோகப் பட்டைகள் தனியாகக் கிடைக்கின்றன.

திருகே இல்லாத சைக்கிளுக்கு?

16 இன்ச், 20 இன்ச் சைக்கிள்கள் பலவற்றில் ஹோல்டருக்கான திருகே இருக்காது. பாரில் துளை போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கூடாது. மெல்லிய குழாயில் துளை போட்டால் ஃபிரேமின் பலம் போய்விடும்.

பட்டை போட்டு இறுக்கும் ஹோல்டர்கள் இருக்கின்றன. அவற்றை ஹேண்டில் பாரிலோ ஃபிரேமிலோ மாட்டலாம். துணிப்பை போன்ற ஹோல்டரும் கிடைக்கிறது. ஹேண்டில் பாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால், எந்த பாட்டிலும் அதில் நிற்கும். ஹேண்டில் பாரில் பாட்டில் வைப்பது புதிய யோசனையும் அல்ல. பழைய டூர் டி பிரான்ஸ் புகைப்படங்களில் வீரர்களின் ஹேண்டில் பாரில் உலோக பாட்டில்கள் நிற்பதைப் பார்க்கலாம்.

ஆனால், மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக் ஒயர் நசுங்கக் கூடாது. பெடல் மிதிக்கும்போது முழங்கால் இடிக்கக் கூடாது. பாட்டிலும் அரை லிட்டரோடு நிற்கட்டும். முன்னால் பாரம் கூடினால், சின்ன சைக்கிளில் ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்கும்.

பிளஸ் ஒன் மாணவிகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளைப்போல முன்னால் கூடை இருந்தால் ஹோல்டரே தேவையில்லை. பள்ளத்தில் துள்ளி விழாதபடி பாட்டிலை எலாஸ்டிக் கயிற்றால் கூடையோடு சேர்த்துப் பிடித்துவிட்டால் போதும்.

ஸ்டீல் பாட்டில் நிற்குமா?

பள்ளிக்குக் கொண்டுபோகும் ஸ்டீல் பாட்டில் வழவழப்பானது. சைக்கிள் பாட்டிலில் இருப்பதுபோல ஹோல்டர் கவ்விப்பிடிக்க அதில் பள்ளம் இருப்பதில்லை. 750 மில்லி தண்ணீரோடு சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கழன்று விழுந்தால், பின்னால் வருகிற வண்டிக்கும் ஆபத்து. கடையில் வாங்குகிற அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோ ஒல்லியாக இருப்பதால் கடகடவென ஆடும். பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி ஹோல்டரின் கைகளில் மாட்டினால் பிடிமானம் கிடைக்கும். ஆனாலும், தினமும் ஓட்டுகிறவர்களுக்கு சைக்கிள் பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்வதே நிம்மதி.

பிளாஸ்டிக் ஹோல்டர் மலிவு. ஆனால், வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்தால் மொறமொறத்து உடையக்கூடும். அலுமினிய ஹோல்டர் தளர்ந்தால் லேசாக அழுத்தி இறுக்கிக்கொள்ளலாம். அதையே அடிக்கடி செய்தால் ஒடிந்துவிடும். திருகை முதலில் கையால் சுற்றிவிட்டு, பிறகுதான் ஆலன் கீயால் இறுக்க வேண்டும். பலம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும். மாட்டி ஒரு வாரம் கழித்து, தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் நல்லது. மழைக்காலத்தில் கீழ் பாரில் இருக்கும் பாட்டிலின் வாயில் சேறு தெறிக்கும். மூடியுள்ள பாட்டிலாக இருக்கட்டும்.

ஒரே ஒரு விதி

பெரியவர்கள் ஓட்டிக்கொண்டே குடிக்கலாம். பிள்ளைகளுக்கு அது வேண்டாம். ஓரமாக நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றி, அதன் பிறகுதான் பாட்டிலில் கை வைக்க வேண்டும். ஹோல்டர் வாங்கித் தருகிற அன்றே இதையும் சொல்லித் தர வேண்டும்.

அந்த அம்மா செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது சைக்கிளையும் பாட்டிலையும் மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, மாட்டிய ஹோல்டரில் வைத்து, "நீயே எடும்மா" என்று சொல்லலாம். யார் உதவியும் இல்லாமல் அவள் எடுத்து, குடித்து, திரும்பவும் வைத்துவிட்டால் பணம் கொடுக்கலாம். இல்லையென்றால், "வேற காட்டுங்கண்ணே" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.