உபதேசமும் உடற்கொடையும்

கேட்ட மாத்திரத்தில் ஜனங்கள் அருவருக்கும் கருத்தொன்று மெய்யாகவே நன்மை பயப்பதாயின், அதனை அவர்கள் ஏற்குமாறு செய்வது எங்ஙனம்? தருக்கத்தால் இயலும் என்பர் சிலர்; சட்டத்தால் இயலும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் போதா என்பதும், சொல்லுவோன் தன்னையே முதற்கண் ஈடாக வைத்தல் வேண்டும் என்பதும் நம் கொள்கை. இதற்கு இங்கிலாந்து தேச சரித்திரம் தக்க சான்று பகரும்.

இறந்தோர் உடலை அறுத்துச் சோதித்தே வைத்திய மாணாக்கர் கற்றல் வேண்டும் என்பது அங்கு எழுந்த கருத்து. அந்நாளில் அச்செயல் கல்வியாக அன்று, தண்டனையாகவே கருதப்பட்டது. 1752-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைஞரின் உடல்களை இரண வைத்தியர்க்கு அளிக்க வகைசெய்திருந்தது. கொலைஞனுக்குரிய இழிவு தமக்கும் நேருமோ என்று நல்லோர் நடுங்கினர். துண்டிக்கப்பட்ட சரீரம் உயிர்த்தெழுதலின் நாளில் எவ்வாறு எழும் என்ற ஐயமும் பலரை வாட்டிற்று.

உடல்கள் கிடையாமையால் கல்லறைத் திருட்டு மலிந்தது. எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்னும் இருவர் 1828-ஆம் ஆண்டளவில் 16 பேரைக் கொன்று, அவ்வுடல்களை வைத்திய ஆசிரியர் ஒருவருக்கு விற்றனர். 1831-இல் அபர்தீன் நகர மக்கள் சினங்கொண்டு, உடலறுத்துக் கற்பிக்கும் கூடமொன்றை எரித்தனர்.

இந்நிலையில் இருவகை வழிகள் தோன்றின. முதலாவது, ஜெரமி பெந்தம் என்னும் சட்ட அறிஞர் மேற்கொண்டது. அவர் 1769-இல், தமது 21-ஆம் வயதிலேயே, தம் உடல் சோதனைக்கு உதவவேண்டுமென மரண சாசனம் எழுதினார். 1832 ஜூன் 6-ஆம் நாள், 84-ஆம் வயதில் அவர் காலமானார். மூன்றாம் நாள், அவர்தம் நண்பரான வைத்தியர் சௌத்வுட் ஸ்மித், வெளியே இடியும் மின்னலும் மிகுந்திருக்க, நண்பர்க்கும் மாணாக்கர்க்கும் முன்னிலையில் அவ்வுடலைக் காட்டிச் சொற்பொழிவாற்றினார். பெந்தத்தின் எலும்புக்கூடு அவர் உடைகளை அணிந்தபடி இலண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் இன்றும் இருக்கின்றது.

இரண்டாவது வழி சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் நிறைவேறிய சட்டம் கொலைஞர் உடலை அறுக்கும் தண்டனையை நீக்கிற்று. கல்லறைத் திருட்டுக்கும் முடிவு தேடிற்று. இந்நன்மைகளை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது சுட்டிய உடல்கள் எவருடையவை? ஏழையர் விடுதிகளிலும் மருத்துவ சாலைகளிலும் இறந்து, உரிமை கோர ஒருவருமற்றோர் உடல்களே. நேற்றுவரை கொலைக்குரியதாயிருந்த தண்டனை, அன்றுமுதல் வறுமைக்குரியதாக எளியோர் கண்ணுக்குத் தோன்றிற்று. சட்டமியற்றிய பிரபுக்களோ தம் உடலைத் தரும் கடப்பாடு எதனையும் ஏற்றிலர்.

'உயிர்நீத்த உடலுக்கு வலியேது? ஏழைகட்கும் வைத்தியத்தால் நன்மையுண்டன்றோ?' எனச் சிலர் வினவக்கூடும். உண்மையே. எனினும், வலியில்லை என்று பிறர்க்கு உரைப்பவன், தனக்கும் வலியில்லை என்று காட்டத் தயங்குவானேன்? கேட்போர் சொல்லை மட்டும் அளப்பதில்லை, சொல்லுவோனையும் அளக்கின்றனர். தேவர் வேண்ட ததீசி முனிவர் தம் எலும்பையே ஈந்தார். அயலான் எலும்பை எடுத்துக் கொடுத்திருப்பின் அவரைப் போற்றுவார் யார்?

இங்கிலாந்து இவ்வுண்மையை நெடுங்காலத்துக்குப் பின்னரே சட்டத்தில் எழுதிற்று. 2004-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒருவர் உயிருடனிருக்கையில் சாட்சியுடன் எழுதித் தந்த சம்மதமின்றி, அவர் உடலைக் கற்பித்தற்கு அறுத்தல் கூடாது. பெந்தம் தாமே விரும்பிச் சென்ற வழியே இறுதியில் பொதுவழியாயிற்று.

உயிர்த்தெழுதலை நம்பும் நாம் அஞ்சவேண்டுவதும் யாதுமில்லை. இரத்த சாட்சிகளுள் தீக்கிரையானோரும் விலங்குகட்கு இரையானோரும் உளர். அவர்களை எழுப்ப வல்ல கர்த்தருக்கு வைத்தியன் கத்தி ஒரு தடையாமோ?

நம் நாட்டு வைத்தியக் கலாசாலைகளும் உடற்கொடையை ஏற்கின்றன. அதன் சிறப்பை மேடையேறிப் பேச நம்மிற் பலர் ஆயத்தமாயிருக்கின்றோம். அன்பர்காள்! பேசுமுன் நாம் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. இல்லத்திற் பெற்றோருடன் அமர்ந்து, அவர்கள் அச்சத்தைப் பொறுமையுடன் கேட்டு, நம் சம்மதப் பத்திரத்தில் நாமே கையெழுத்திடுவோமாக. அதன்பின் நாம் பேசுவது சிலவேயாயினும், ஊரார் செவிசாய்ப்பர்.