பழைய கணினிகளுக்கு எப்போது விடை கொடுப்பது?

2014 ஏப்ரல் 7 அன்று ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளியே தெரிந்தபோதுதான், இணையச் சர்வர்களில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் உள்ளே பலர் முதன்முறையாக எட்டிப் பார்த்தார்கள். சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை வெளியாள் உருவிக்கொள்ள முடிந்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். பிழை இரண்டு ஆண்டுகளாக அங்கேயே கிடந்தது.

ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் அந்த நிரலைத் தனியே பிரித்தெடுத்து, லிப்ரெஎஸ்எஸ்எல் என்ற பெயரில் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகள் குப்பைக்குப் போயின. 16 பிட் விண்டோஸ், பழைய மேக், ஓபன்விஎம்எஸ் ஆகியவற்றுக்கான பகுதிகளும் நீக்கப்பட்டன. இவற்றைவிட முக்கியமான ஒன்றும் கண்ணில் பட்டது. சில இயங்குதளங்களில் நினைவகம் ஒதுக்கும் வேலை மெதுவாக நடக்கிறது என்பதற்காக, விடுவித்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் தானே சுழற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை ஓபன்எஸ்எஸ்எல் வைத்திருந்தது. இத்தகைய பிழைகளைப் பிடிக்க ஓபன்பிஎஸ்டி தன் நினைவக ஒதுக்கீட்டில் போட்டிருந்த காவல் அதனால் பயனற்றுப் போனது. எங்கோ இருந்த மெதுவான கணினிக்குக் காட்டிய சலுகை, பாதுகாப்பான கணினி வைத்திருந்தவரையும் பாதித்தது.

பழைய மென்பொருளைப் புதுப்பிக்க இறங்குவோர் எந்தக் கம்பைலர், எந்தத் தளம் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவதுண்டு. முதலில் முடிவு செய்ய வேண்டியதே அதுதான். ஆதரிக்கப்படும் கம்பைலர்களில் மிகப் பழையது எதுவோ, அதற்குப் புரியும் மொழியில்தான் மொத்த நிரலையும் எழுத முடியும்.

லினக்ஸ் கெர்னல் 2022 வரை 1989-ஆம் ஆண்டின் சி மொழித் தரத்தை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டது. ஒரு சுழற்சிக்கான மாறியை அந்தச் சுழற்சிக்குள்ளேயே அறிவிக்க அந்தத் தரத்தில் இடமில்லை. முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். சுழற்சி முடிந்த பிறகும் மாறி உயிரோடிருக்கும். அது சுட்டும் இடமோ செல்லாததாக இருக்கலாம். யாராவது கவனிக்காமல் அதைத் தொட்டால் கெர்னலுக்குள்ளேயே நினைவகம் சிதையும். ஓர் ஆராய்ச்சி மாணவர் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியதும், மொழித் தரத்தையே மாற்றிவிடலாம் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் முடிவெடுத்தார். கெர்னலுக்கான குறைந்தபட்ச ஜிசிசி கம்பைலர் ஏற்கெனவே 5.1 பதிப்புக்கு உயர்த்தப்பட்டிருந்ததால்தான் அது கைகூடியது. 2022 மே மாதம் வெளியான 5.18 கெர்னலில் சி11 தரம் வந்தது. இதே டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதியது இன்டெல் 386 கணினியில். அந்த 386-க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் கெர்னல் கைவிட்டது.

கைவிடுவதில் தவறில்லை. கைவிடும் விதத்தில் தவறு நேரலாம்.

2021 பிப்ரவரியில் பைத்தானின் ‘கிரிப்டோகிராபி’ லைப்ரரி, தன் 3.4 பதிப்பில் ரஸ்ட் மொழியைக் கொண்டுவந்தது. நினைவகப் பிழைகளைத் தடுக்கும் மொழி என்பதால் நோக்கம் நியாயமானதே. ஆனால் ரஸ்ட் கம்பைலர் எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பைச் சார்ந்தது. ஆல்ஃபா, பிஏ-ரிஸ்க் போன்ற பழைய செயலிகளுக்கு எல்எல்விஎம் இல்லை. அதைவிடப் பலரைத் தாக்கியது ஆல்பைன் லினக்ஸில் நடந்ததுதான். அந்தத் தளத்துக்கு ஆயத்தப் பொதி இல்லாததால், நேற்றுவரை ஒழுங்காக நடந்த கண்டெய்னர் உருவாக்கம் ரஸ்ட் கம்பைலர் வேண்டுமென்று கேட்டு நின்றது. ரஸ்டைத் தற்காலிகமாக விலக்கிக்கொள்ள அந்தப் பதிப்பில் ஒரு வழி இருந்தது. முன்னறிவிப்பும் டெவலப்பர்களின் வட்டத்துக்குள் வந்திருந்தது. வேறொரு மென்பொருளின் வழியாக அந்த லைப்ரரியை அறியாமலே பயன்படுத்தியவர்களுக்குத்தான் எதுவும் எட்டவில்லை.

எந்தத் தளத்தை ஆதரிப்பது என்று முடிவு செய்யப் பைத்தான் மொழிக் குழுவே நல்ல வழி ஒன்றை வைத்திருக்கிறது. அது தளங்களை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது. முதல் அடுக்கில் சோதனை தோற்றால் வெளியீடே நிற்கும். இரண்டாம் அடுக்குக்குக் குறைந்தது இரண்டு மையக் குழு உறுப்பினர்களும், மூன்றாவதற்கு ஒருவரும் பெயர் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். ஒரு தளத்தை ‘ஆதரிக்கிறோம்’ என்று சொல்ல இந்த அளவாவது வேண்டும். சோதிக்கும் இயந்திரமும் பதில் சொல்லும் ஆளும் இல்லாத தளத்தைப் பட்டியலில் வைத்திருப்பது, அதை நம்பி நிறுவுபவருக்குச் செய்யும் துரோகம்.

டெபியன் லினக்ஸில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஏபிடி கருவியில் 2026 மே மாதத்துக்கு முன் ரஸ்ட் கட்டாயமாகாது, அதன்பின் ஆகும் என்று அதன் பராமரிப்பாளர் 2025 அக்டோபர் இறுதியிலேயே அறிவித்தார். முன்கூட்டியே நாள் குறித்தது பாராட்டுக்குரியது. ஆனால் கொடுத்த ஆறு மாதம் போதாது. பழைய செயலிகளைக் காப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர்கள். எல்எல்விஎம் இல்லாத செயலிகளுக்கு ஜிசிசி வழியாக ரஸ்டைக் கொண்டுவரும் பணி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ரஸ்டைக் கட்டாயமாக்கும் திட்டங்களும் அவற்றால் லாபம் பெறும் நிறுவனங்களும் அந்தப் பணிக்கு ஆளும் பணமும் கொடுக்க வேண்டும்; அதுவரை ரஸ்ட் தேவைப்படாத பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களாவது தொடர்ந்து வர வேண்டும்.