ஏழாம் வகுப்புக்கு ஒரு கட்டியங்காரன்

2022-23 கல்வியாண்டில் தமிழக அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள். வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள். நாட்டுப்புறக் கலைகள் பள்ளிக்கூட வாசலுக்குள் மரியாதையோடு வந்தன. மேடையே ஏறியிராத பிள்ளைகள் மாவட்டத் தலைநகரில் போய் ஆடினார்கள். இது பெரிய காரியம். ஆனால், நாடகத்துக்கு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தபின் அதே வகுப்பில் மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு நாடகத்தால் என்ன கிடைக்கிறது என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது.

பள்ளி நாடகம் எப்படித் தயாராகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வசனத்தை ஆசிரியர் எழுதித் தருவார். குரல் எடுப்பான பையனுக்கு ராஜா வேடம், மனப்பாடம் நன்றாக வருகிற பெண்ணுக்கு நீளமான வசனம். மரம் வளர்ப்பு, நெகிழிப் பை ஒழிப்பு, மதுவின் தீமை என்று ஏற்கெனவே முடிவு செய்யப்பட்ட ஒரு கருத்து இருக்கும். கடைசிக் காட்சியில் குடிகாரத் தகப்பன் திருந்துவான், கூட்டம் கைதட்டும். இத்தனையிலும் பிள்ளை தானாக யோசித்துச் சொன்ன சொல் ஒன்றுகூட இருக்காது. வகுப்பறையில் நடக்கும் ஒப்பித்தலுக்கே வேடம் கட்டி மேடையில் ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

உயர் தொடக்க நிலையில் இது கூடுதலாக உறுத்துகிறது. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ வந்தபோது பாட்டும் கதையும் பொம்மையும் சேர்ந்து வந்தன. ஆறாம் வகுப்பில் கால் வைத்ததும் அதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமாகிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண், ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லவே கூசுகிறாள். பையன்களுக்குக் குரல் உடைகிறது. யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். வீட்டில் பேசும் தமிழும் பாடநூல் தமிழும் வெகுதூரம் விலகிப்போவதும் இந்த வயதில்தான். பேச்சுப் பழக்கம் மிகவும் தேவைப்படுகிற நேரம் பார்த்து நாம் அதை நிறுத்திவிடுகிறோம்.

பாடநூலைக் குறை சொல்ல முடியாது. ஆறு முதல் எட்டு வரையான தமிழ் நூல்களில் விரிவானப் பகுதி இருக்கிறது. ‘மொழியை ஆள்வோம்’ பகுதி, ஒரு தலைப்பைக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறது. நடப்பது வேறு. அந்தப் பேச்சைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, நோட்டில் எழுதவைத்து, மறுநாள் ஒப்பிக்கச் சொல்கிறோம். நோட்ஸ் புத்தகங்களே அந்தப் பேச்சை அச்சடித்துத் தருகின்றன. மதிப்பெண்ணிலும் இடம் இல்லாமல் இல்லை. 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை வந்த முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கின; அதில் 20 செயல்பாடுகளுக்கு. அந்த இருபதையும் படம் வெட்டி ஒட்டிய சார்ட்டுகளே வாங்கிக்கொண்டு போயின.

பிள்ளைகளுக்கு நாடகம் கற்றுக்கொடுத்த அனுபவம் தமிழுக்குப் புதிதல்ல. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களாக அதில் சேர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர் எம்.ஜி.ஆர். பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்காத அந்தப் பையன்களுக்கு நாவில் தெளிந்த தமிழைக் கொடுத்தது நாடகக் கொட்டகை. அங்கே அடியும் உண்டு, தாய் தகப்பனைப் பிரிந்த ஏக்கமும் உண்டு. அந்த வாழ்க்கை எந்தக் குழந்தைக்கும் திரும்ப வரக் கூடாது. ஆனால் அங்கே பயிற்சி தினமும் நடந்தது. நாமோ தினப் பயிற்சியை விட்டுவிட்டு மனப்பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். அதுவும் ஆண்டு விழாவுக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு.

வகுப்பறைக்கு உதவுகிற வழி நம் தெருக்கூத்திலேயே இருக்கிறது. கூத்தில் துரியோதனனே வந்து நின்றாலும் கட்டியங்காரன் கேள்வி கேட்காமல் விடமாட்டான். நீ யார், எந்த ஊர், எதற்காக வந்தாய்? ராஜா பாட்டாகவும் விருத்தமாகவும் பதில் சொல்வார். கட்டியங்காரன் அதையே ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்வான், குறுக்குக் கேள்வி போடுவான், கதையை நிறுத்தி நேற்று ஊரில் நடந்ததை உள்ளே இழுப்பான். இங்கிலாந்தில் டோரத்தி ஹீத்கோட் (1926-2011), ஆசிரியரே ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்கும் முறையை வளர்த்தார். கல்வி நாடகம் பற்றிப் பேசும் எவரும் அவர் பெயரைச் சொல்வார்கள். கதைக்குள் நின்றபடி கதையைக் கேள்வி கேட்பவன் நம் கூத்துக் களத்தில் தலைமுறைகளாக நின்றுகொண்டிருக்கிறான். அவனை ஏழாம் வகுப்புக்குள் அழைத்து வரலாம்.

வட மாவட்டத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். எடுத்துக்கொண்டது ஏ.கே. ராமானுஜன் தம் இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் (1991) சேர்த்த ஒரு தமிழ்க் கதை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாத கிழவியின் உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. பாழடைந்த வீடு ஒன்றில் நுழைந்து சுவர்களிடம் குறைகளைக் கொட்டுகிறாள். ஒவ்வொரு சுவராகச் சரிகிறது, அவள் உடம்பு இளைக்கிறது. நான்கு பிள்ளைகள் சுவர்களாக நின்றார்கள். கிழவியாக வந்த பெண் பாடநூல் தமிழில் தொடங்கி இரண்டாவது வாக்கியத்திலேயே திணறினாள். “உங்க ஆயா எப்படிப் பேசுவாங்களோ அப்படிப் பேசு” என்றார் ஆசிரியை. அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கஞ்சியிலிருந்து வெற்றிலை பாக்கு வரை கணக்குச் சொன்னாள். முதல் சுவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் விழுந்தது.

கட்டியங்காரனாக இருந்தவன் கடைசி பெஞ்சுப் பையன். மூத்த மருமகளை மறித்து, “ஏம்மா, கிழவிக்கு ஒரு வாய் சோறு போட்டா என்ன?” என்று கேட்டான். வசனம் எதுவும் எழுதித் தரப்படாத மருமகள் ஒரு கணம் யோசித்தாள். “நூறு நாள் வேலைக்குப் போயிட்டு இப்பதான் வர்றேன். எனக்கு யாரு சோறு போட்டாங்க?” வகுப்பு அமைதியானது. கதையில் இல்லாத ஒரு நியாயம் கதைக்குள் வந்துவிட்டது. அன்று மருமகள் சொல்வதாக அரைப் பக்கம் எழுதச் சொன்னார் ஆசிரியை. பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்க யாருக்கும் தேவைப்படவில்லை.

பாத்திரம் என்கிற மறைப்பு இருந்ததால்தான் அந்தப் பேச்சு வந்தது. உன் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தால் அந்தப் பெண் தலையைக் குனிந்திருப்பாள். இந்த மறைப்பைக் காப்பது ஆசிரியரின் பொறுப்பு. மருமகள் சொன்னதை வைத்து வகுப்பு முடிந்தபின் அந்தப் பெண்ணின் வீட்டு விவகாரத்தைத் துருவக் கூடாது. பாத்திரம் பிரிப்பதிலும் கண் வேண்டும். ராஜாவும் அதிகாரியும் எப்போதும் சில பிள்ளைகளுக்கே போவதும், காவல்காரனும் வேலைக்காரியும் எப்போதும் சில தெருப் பிள்ளைகளுக்கே வருவதும் நம் பள்ளிகளில் நடக்கிறது. வாரந்தோறும் பாத்திரங்கள் கைமாற வேண்டும். ராஜாவாக நாற்காலியில் அமரும் முறை எல்லோருக்கும் வர வேண்டும். இதில் சமரசம் கூடாது.

யார் நடத்துவது? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழகத்தில் 2012இல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, தையல், கணினி எல்லாம் அதில் இருந்தன, நாடகம் இல்லை. அவர்களின் நிரந்தரப் பணிக் கோரிக்கையே ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும்போது, நாடகத்துக்குத் தனி ஆசிரியர் வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தமிழாசிரியர்தான் வாரம் ஒரு பீரியடை இதற்கு எடுக்க வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் அவருக்கு இதைச் செய்து காட்டிப் பழக்க வேண்டும். ஸ்லைடு போட்டு விளக்குவது பயிற்சி ஆகாது. வகுப்பில் சத்தம் கேட்டால் அடங்காத வகுப்பு என்று குறிப்பெழுதும் வழக்கத்தைப் பார்வையிட வரும் அதிகாரிகளும் விட வேண்டும்.

கூடவே ஒரு கூத்துக் கலைஞரும் வேண்டும். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் வழிவந்தவர்கள் இன்றும் கற்பிக்கிறார்கள். புதுச்சேரியில் வேலு சரவணன் குழந்தைகளுக்கான நாடகத்தையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். இவர்களைப் போல வெளியில் பெயர் தெரியாத கலைஞர்கள் வட மாவட்டக் கிராமங்களில் ஏராளம். பாரதக் கூத்துகள் கோடையில்தான் மும்முரமாக நடக்கும். மழைக்காலத்தில் ஆட்டம் கிடையாது. பலர் கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள். பள்ளியில் இரண்டாம் பருவம் நடப்பதும் அந்த மாதங்களில்தான். பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு, பக்கத்து ஊர்க் கலைஞர் ஒருவரை வாரம் ஒரு நாள் வரவழைக்கலாம். அவருக்கான ஊதியத்தைக் கலைத் திருவிழாவுக்குப் பணம் ஒதுக்கும் துறையே கொடுக்க வேண்டும். அவர் வந்து நிற்க வேண்டியது போட்டிக்குப் போகும் எட்டுப் பேர் முன்னால் அல்ல, முழு வகுப்பின் முன்னால்.