பெட்ரோல் முள்ளை எவ்வளவு நம்பலாம்?

நமது சங்க அங்கத்தினர்களில் மோட்டார் சைக்கிள் வைத்திராதவர் இன்று சிலரே. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் பெரியபாளையத்தை அடுத்த ஆரணியிலும் நெய்த துணியை ஒப்படைத்துவிட்டு நூல் வாங்கித் திரும்புகிறவர் அதில்தான் வருகிறார். பொன்னேரிப் பக்கத்து நெல் விவசாயி விதையும் உரமும் அதில்தான் ஏற்றிச் செல்கிறார். இவ்வீடுகளின் பிள்ளைகள் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போகிறார்கள். இரவு ஷிப்டு முடிந்த நேரத்தில் ஊருக்குள் செல்லப் பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது, வண்டியே கதி. ஆகவே அவ்வண்டியின் டாங்கில் எவ்வளவு பெட்ரோல் உள்ளது என்று காட்டும் சிறு கருவியைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவது பொருத்தமற்றதாகாது என்று கருதுகிறோம்.

அக்கருவியைப் பற்றி நம் காதில் விழும் குறை பெரும்பாலும் ஒன்றேதான். டாங்கை நிரப்பியபின் முள் நெடுந்தூரம் அசைவதே இல்லை. பாதிக்கு வந்ததும், பாறையிலிருந்து விழுவதுபோல் ஒரே நாளில் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. சிலருடைய வண்டியில் இரண்டு கோடுகள் எரிந்துகொண்டிருக்கும்போதே இஞ்சின் நின்றுவிடுகிறது. பழுது பார்க்கும் இடத்தில் கேட்டால், ‘எல்லா வண்டியும் அப்படித்தான்’ என்று பதில் வருகிறது. இப்பதிலில் பாதி உண்மை உண்டு, மறுபாதியை ஏற்பதற்கில்லை.

பாதி உண்மை எதுவென்று முதலில் பார்ப்போம். டாங்கினுள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை ஒன்று உள்ளது. பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனை, மின்தடையுள்ள ஒரு தகட்டின்மேல் உரசிக்கொண்டு நகர்கிறது. தகட்டில் அது நிற்கும் இடத்துக்கேற்ப மின்னோட்டம் கூடிக் குறைகிறது. அதையே முள்ளோ கோடுகளோ நமக்குக் காட்டுகின்றன. ஆக, இக்கருவி அளப்பது பெட்ரோலின் அளவை அன்று, ஓரிடத்தில் அதன் உயரத்தை மட்டுமே. நெற்குதிர் மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், நெல்லின் உயரத்தைப் பார்த்து எத்தனை மரக்கால் என்று சொல்லிவிட முடியுமா? மோட்டார் சைக்கிளின் டாங்க் அதைவிடக் கோணலானது. வண்டியின் நடுக்குழாயின்மேல், வண்ணானின் கழுதைமேல் போட்ட பொதியைப்போல, இருபுறமும் தொங்கும்படி அது அமைந்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அது இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. மிதவையோ ஒரு பக்கத்தில்தான் உண்டு. அப்படியிருக்க, முள் பாதியில் நின்றால் பெட்ரோலும் பாதி என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

இதனுடன் வேறு காரணங்களும் சேருகின்றன. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்புறம் சாய்ந்து நிற்கையில் மிதவை வேறு உயரம் காட்டும். மேட்டில் ஏறும்போதும் பிரேக் போடும்போதும் பெட்ரோல் அலைந்து ஆடும். அந்த ஆட்டம் கண்ணில் படாதிருக்க, புதிய வண்டிகளில் காட்டும் கருவி சிறிது நேரத்துக்குச் சராசரி பார்த்த பின்பே கோட்டைக் குறைக்கிறது. அதனால் கோடு குறைவது சற்றுத் தாமதமாகிறது. நாள்பட்ட வண்டியில் உரசும் தகட்டில் அழுக்கும் பாசமும் படிகின்றன. எர்த் ஒயரின் இணைப்பில் துரு ஏறுகிறது. இவையெல்லாம் இயல்பே. ஆனால் தகடு தேய்ந்ததாலும், மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்ததாலும், ஒயர் துருவேறியதாலும் வரும் பிழை பழுது ஆகும். பழுதையும் இயல்பு என்று சொல்லி அனுப்புவது முறையல்ல. அந்த மறுபாதியைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம். மிதவைக் கம்பியைச் சற்று வளைத்துவிட்டால் சரியாகும் என்று சில மெக்கானிக்குகள் செய்யும் வைத்தியமும் வேண்டாம். ஒரு மட்டத்தில் அது சரியாகக் காட்டினால் மற்றொரு மட்டத்தில் பொய் சொல்லும்.

முற்காலத்தில் இக்கவலை வேறு வகையில் தீர்ந்திருந்தது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை ஏற்பட்டது 1950-களின் நடுவில். அங்கிருந்து வெளிவந்த புல்லட் வண்டியில் பல்லாண்டுகள் பெட்ரோல் முள்ளே கிடையாது. முகப்பில் இருந்த சிறு முள் மின்சாரம் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டியதேயன்றிப் பெட்ரோலைக் காட்டவில்லை. அதற்குப் பதிலாக டாங்கின் அடியில் ஒரு குழாய்த் திருகு இருந்தது. அதனுள் ஒன்று உயரமாகவும் மற்றொன்று தாழ்வாகவும் இரண்டு வாய்கள். உயரமான வாய்க்குக் கீழே பெட்ரோல் இறங்கியதும் இஞ்சின் திக்கும். ஓட்டுகிறவர் கையைக் கீழே விட்டு ரிசர்வுக்குத் திருப்புவார். அதன்பின் இத்தனை மைல் போகலாம் என்பது அவருக்கு மனப்பாடம். ரிசர்வும் தீர்ந்தால் வண்டியை ஒருபுறமாக நன்றாகச் சாய்த்து, மறுபக்கம் தேங்கிய பெட்ரோலைத் திருகு உள்ள பக்கத்துக்கு வரச்செய்து, மேலும் சிறிது தூரம் போவார்கள். மின்சாரமும் தகடும் இல்லாத இந்த ஏற்பாட்டில் பொய்க்கு இடமில்லை. திரும்ப மேல்வாய்க்குத் திருப்ப மறந்தவருக்கு மட்டும் அது பயன்படாமற் போனது.

2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரை விட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு மாறின. புகை குறைந்தது, நல்லதே. ஆனால் ரிசர்வ் திருகும் அத்துடன் போயிற்று. முன்பு முள் பொய்த்தாலும் திருகு காத்தது; இப்போது முள் ஒன்றே துணை. போதாததற்கு, பெட்ரோலைத் தள்ளும் பம்பு டாங்கினுள்ளேயே இருந்து பெட்ரோலாலேயே குளிர்விக்கப்படுகிறது. அடிக்கடி வற்றும்வரை ஓட்டினால் பம்பு கெடும். அதை மாற்றும் செலவு, நெய்கிறவருடைய பல நாள் கூலி. புதுவாயலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே, கண்டெய்னர் லாரிகள் விரையும் கல்கத்தா நெடுஞ்சாலையில், நள்ளிரவில் விளக்கணைந்து நிற்கும் வண்டிக்கு நேரக்கூடியதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பாதுகாப்பான ஏற்பாடு ஒன்றை எடுக்கும்போது அதன் இடத்தில் வைப்பதும் அதே அளவு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் முள்ளைப் பொறுத்துக்கொள்ளலாம். கூடுதலாகக் காட்டும் முள், முள் இல்லாததைவிடக் கெட்டது.

முள் பொய்த்தால் கையளவு போதும் என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1983 ஜூலை 23-ஆம் தேதி கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று எண்ணெய் காட்டும் கருவி வேலை செய்யாத நிலையில் புறப்பட்டது. டாங்கில் அளவுகோல் விட்டுத்தான் பார்த்தார்கள். லிட்டர் கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் அந்நாடு அப்போதுதான் மெட்ரிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்தது. லிட்டரைக் கிலோவாக்க ஏறத்தாழ 0.8 ஆல் பெருக்க வேண்டியிருக்க, பவுண்டுக்கு உரிய 1.77 ஆல் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எண்ணெயுடன் பறந்த விமானத்தின் இரு இஞ்சின்களும் நடுவானில் நின்றன. கேப்டன் பியர்சன் இஞ்சின் இல்லாத விமானங்களை ஓட்டிப் பழகியவர். அந்தத் திறமையால் கிம்லி என்னும் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்று எண்ணி நூலுக்கு நம்பர் சொல்லும் நம்மவர்களுக்கு, கஜத்தை மீட்டரென்று எண்ணினால் என்ன ஆகும் என்பது தெரியாததல்ல.

அங்கத்தினர் செய்யத்தக்கது எளிது. டாங்கைக் கழுத்துவரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். கோடு சிமிட்டத் தொடங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று குறியுங்கள். உடனே அதே பங்கில், வண்டியை நேராக நிறுத்தி, அதே கழுத்துவரை மீண்டும் நிரப்பி, பில்லில் உள்ள லிட்டரையும் குறியுங்கள். 10 லிட்டர் டாங்கில் 8 லிட்டர் பிடித்தால், கோடு சிமிட்டும்போது 2 லிட்டர் மிச்சம். கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் உங்கள் வண்டியின் உண்மையான ஓட்டம் கிடைக்கும். மூன்று முறை செய்தால் கணக்கு நிலைபெறும். பிறகு முள் எதைக் காட்டினாலும் டிரிப் மீட்டரே உங்கள் ரிசர்வ் திருகு. துணி மூட்டையோடு போகும் நாளில் ஓட்டம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இப்போது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலக்கிறார்கள். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் வெப்பம் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே பழைய நோட்டிலுள்ள எண் இன்றைக்கு உதவாது. (கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கும் நம் அங்கத்தினருக்கு இக்கலப்பினால் லாபமா என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.) இருட்டில் டாங்க் மூடியைத் திறந்து தீக்குச்சி வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கும் வழக்கம் எங்கேனும் இன்னும் இருந்தால், அதை அறவே விட்டொழிக்க வேண்டும்.

பங்கில் நேரும் சண்டை ஒன்றும் உண்டு. 13 லிட்டர் டாங்கில் 14 லிட்டர் போட்டதாகப் பில் வந்துவிட்டது என்பார்கள். கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவு, ஆவிக்கு இடம்விட்டுக் குறித்த அளவாக இருக்கலாம். கழுத்துவரை நிரப்பினால் கூடுதலாகவே பிடிக்கும். ஆகவே அதைக்கொண்டு மட்டும் பங்குக்காரரைத் திருடன் என்று சொல்லக் கூடாது. ஐயமிருந்தால், அரசு முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டு, முன்னால் நின்று அளந்து பார்க்க வாடிக்கைக்காரருக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்படுகிறது. அதற்குமேல் குறைந்தால் எடையளவு இலாகாவுக்கு எழுதலாம்.

வாரண்டி உள்ள வண்டியில் முள் பொய்த்தால், வாய்ச் சொல்லோடு நிற்காமல் ஜாப் கார்டில் குறையை எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன மூன்று முறைக் கணக்கை அத்துடன் இணைத்தால், ‘எல்லா வண்டியும் அப்படித்தான்’ என்ற பதில் எளிதில் வராது. வந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. ஆயினும் தனி ஒருவர் ஒரு முள்ளுக்காக வழக்காடுவது அரிது. ஒரே வகை வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் 20 பேர் தங்கள் கணக்கைச் சங்கத்தில் கொடுத்தால், சங்கமே கம்பெனிக்கு எழுதலாம். வண்டியின் பெயர், வாங்கிய ஆண்டு, கோடு சிமிட்டியபோது ஓடிய கிலோமீட்டர், நிரப்பிய லிட்டர் ஆகிய நான்கையும் ஒரு கார்டில் எழுதிக் காரியதரிசியிடம் சேர்ப்பித்தால் போதும். அடுத்த மகாசபைக்கு முன் அவற்றைத் தொகுத்துவிடலாம்.