மஞ்சள் கட்சி, சிவப்புக் கட்சி



ஐபிஎல் மாதங்களில் எங்கள் வீட்டு டிவி முன்னால் இரண்டு கட்சி. நான் சென்னை, மகன் பெங்களூரு. ஸ்ரீரங்கத்தில் பிறந்து காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு ஆர்சிபி மேல் எப்படிப் பிரியம் வந்தது என்று தெருவே கேட்கிறது. எதிர்வீட்டு மாமா அவனைக் கண்டாலே, "என்னடா, உங்காளுங்க தண்ணி திறந்துவிட்டாங்களா?" என்பார். அவன் அசருவதில்லை. கோலி கவர் டிரைவ் அடிப்பதைப் பார்த்து அந்தப் பக்கம் போனவன் அவன். ஊர், மாநிலம், ஆறு என்ற கணக்கெல்லாம் பெரியவர்கள் போடுவது.

வீட்டில் அவனுக்கு ஒரே துணை என் அம்மா. கிரிக்கெட்டில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம்மூர் அந்தியரங்கம் என்ற கணக்கு அத்துப்படி. மூன்றும் காவிரி பிரிந்து சேருகிற தீவுகள். முதல் இரண்டும் கர்நாடகத்தில். "பெருமாளே மூணுல ரெண்டை அந்தப் பக்கம் வச்சிருக்கார். குழந்தை ஒரு டீமை அந்தப் பக்கம் வச்சுக்கிட்டா என்ன குறைஞ்சு போச்சு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

ஆறும் அணியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட வருஷம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு டெல்டா கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு வருஷத் தடை முடிந்து சிஎஸ்கே சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. ஏப்ரல் 10 அன்று மைதானத்துக்கு வெளியே மறியல், உள்ளே செருப்பு வீச்சு. ஒரே ஆட்டத்தோடு மற்ற சென்னை ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். அணி பின்னாலேயே ரசிகர்கள் தனி ரயிலில் புனே போனார்கள். இங்கே அம்மா மண்டபத்துப் படித்துறைக்குக் கீழே மணல்தான் கிடந்தது. அந்த நாட்களில் ஸ்ரீரங்கத்தில் மேட்ச் பார்ப்பதற்கே கூச்சமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தோம். அந்த வருஷக் கோப்பையும் நமக்குத்தான் வந்தது. யாரும் தெருவில் வெடி போடவில்லை.

2025 மகனின் முறை. பத்து அணிகளில் சென்னை பத்தாவது; 14 ஆட்டத்தில் 4 வெற்றி. கடைசி இடம் என்பது அதன் சரித்திரத்திலேயே முதல் தடவை. ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்து, பதினெட்டாவது சீசனில் பெங்களூரு கோப்பையைத் தொட்டது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள். மாதக் கடைசிக்குள் அணை 120 அடி நிரம்பியும் விட்டது. "கப்பும் வந்துச்சு, தண்ணியும் வந்துச்சு, போதுமா மாமா?" என்று மகன் எதிர்வீட்டு வாசலில் நின்று கேட்டபோது, அவர் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 4-ஐ மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். எல்லாம் இளவயசு. பள்ளிக்கூடம் போகிற பெண்ணும் அதில் ஒருத்தி. கோப்பையைக் கொண்டுவருகிற ஆட்களை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய பிள்ளைகள். பெங்களூரில் இருந்திருந்தால் என் மகனும் கேட்டிருப்பான். நானும் அழைத்துப் போயிருப்பேன்.

ரசிகன் கதை இது. ஆடுகிறவன் கதை வேறு.

மகன் கிரிக்கெட் கற்றுக்கொண்டது உத்திர வீதியில். அங்கே சட்டம் கறாரானது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; மொட்டை மாடியில் பந்து விழுந்தால் அவுட், அடித்தவனே மாடிப்படி ஏறி எடுத்துவர வேண்டும். திண்ணையில் பெரியவர் மேல் பட்டால் அவுட்டோடு அன்றைய ஆட்டமும் முடிந்தது. மீதி இருப்பது நேர்கோடு ஒன்றுதான். அதனால் இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் பேட் நேராக வரும். அகாடமியில் சேர்த்த புதிதில் கோச் நெட்ஸில் இரண்டு பந்து பார்த்துவிட்டு, "ஸ்ரீரங்கமா?" என்று கேட்டார். லெக் பக்கம் தூக்கி அடிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் அவருக்குப் பல மாதம் பிடித்தது. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளிலேயே கிரிக்கெட் உண்டு. அந்தக் காலத்துத் தெருவில் இத்தனை கார் நிற்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

சனி, ஞாயிறு விடிகாலையில் ஸ்கூட்டர் கால் வைக்கும் இடத்தில் கிட் பேக்கைக் குறுக்கே வைத்துக் காவிரிப் பாலம் தாண்டுகிறோம். சிமென்ட் பிட்ச் மேல் பையன்களே மேட் விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஓரத்தில் ஆணி அடிக்கிறார்கள். வேப்பமரத்தடியில் பெற்றோர் கூட்டம். அங்கே ஸ்கோர் புத்தகம் வைத்திருப்பவர் ஒரு பையனின் அம்மா. இரண்டு வருஷம் முன்பு அவருக்கு ஓவர் என்றால் என்ன என்று தெரியாது. இப்போது ரன் கொடுக்காத ஓவரின் ஆறு புள்ளிகளையும் கோடிழுத்து எம் ஆக்குகிறார். அதே ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் டபிள்யூ. அம்பயர் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வருகிறார். தன் பையன் அவுட் ஆனாலும் பேனா அதே வேகத்தில்தான் நகரும்.

அந்த மரத்தடியில் நிற்காதவர் ஒருவர் உண்டு. எல்லைக்கோட்டை ஒட்டியே நடந்துகொண்டிருப்பார், கையால் ஃபீல்டு மாற்றிக்கொண்டு. பெரிய தோனி பக்தர். 2025 சீசன் முழுக்க, "43 வயசுலயும் கீப்பிங் பண்றாரே, அதைப் பாருங்க சார்" என்று நம் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னவர். சென்னை 10 ஆட்டம் தோற்றதற்கும் அவரிடம் நியாயம் இருந்தது. அவர் பையன் ஒரே ஓவரில் மூன்று வைடு போட்ட அன்று மட்டும் நியாயம் கிடைக்கவில்லை. "எவ்வளவு ஃபீஸ் கட்டுறேன் தெரியுமாடா?" என்ற குரல் எதிர்ப்பக்கம் வரை கேட்டது. நான்காவது வைடும் உடனே வந்தது. நம்மைத் தெரியவே தெரியாத அணிக்கு எத்தனை தோல்வியை வேண்டுமானாலும் மன்னிக்கிறோம், வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு ஒரு ஓவர் தருவதில்லை. இந்த மனசு எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்று அந்தப் பையனிடம் போய்ப் பேசியது கோச் இல்லை. ஸ்லிப்பில் நின்ற இன்னொரு பையன். என்ன சொன்னானோ, ஐந்தாவது பந்து நேராக விழுந்தது.

அமெரிக்காவில் எடிசனில் இருக்கும் வாசகி ஒருவர் தன் மகன் பேஸ்பால் ஆடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீக்கில் கோச்சும் அம்பயரும் பெரும்பாலும் பெற்றோரே. வீட்டில் அவர் கணவர் யாங்கீஸ், மகன் மெட்ஸ். "நம்ம ஊர் சண்டைதான், சட்டை மட்டும் வேற" என்கிறார்.

நம்ம ஊர் அணிக்கு வருகிறேன். 2016-ல் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) தொடங்கியபோது திருச்சிக்கு அணி இல்லை, பிறகு வந்தது. ரூபி திருச்சி வாரியர்ஸ், பால்சி திருச்சி, அடுத்து திருச்சி கிராண்ட் சோழாஸ். பெயர் மாறிக்கொண்டே இருந்தது, கோப்பை வரவில்லை. 2021 இறுதியாட்டத்தில் சேப்பாக்கம் அணியிடம் 8 ரன்னில் தோல்வி. 2022-ல் முரளி விஜய் நெல்லைக்கு எதிராக 66 பந்தில் 121 அடித்தார், 12 சிக்ஸர். அந்த ஆட்டத்திலும் தோல்வி. 2023-ல் ஆடிய ஏழும் தோல்வி. 2025-ல் எப்படியோ எலிமினேட்டர் வரை போனோம். எதிரணியின் அஸ்வின் 3 விக்கெட் எடுத்து, 83 ரன்னும் அடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

தோல்வியை விடுங்கள். திருச்சி பெயரில் ஆடும் அணியை இதுவரை ஒருநாள்கூடத் திருச்சியில் வைத்துப் பார்த்ததில்லை. சேலத்தில் ஆடுகிறார்கள், கோவையில் ஆடுகிறார்கள், திருநெல்வேலி சங்கர் நகரில் ஆடுகிறார்கள். நமக்குக் கிட்டத்தில் இருப்பது நத்தம். துவரங்குறிச்சி வழியாகப் போய் இரவு ஆட்டம் முடிந்து திரும்பினால், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏற வேண்டும். நத்தத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் முடிந்தது. பெல் டவுன்ஷிப், பொன்மலை ரயில்வே, அண்ணா ஸ்டேடியம், நூற்றாண்டு கண்ட கல்லூரிகள் என்று இருக்கிற ஊரில் ஏன் முடியவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வேப்பமரத்தடிப் பிள்ளைகள் தங்கள் மாவட்டத்து ஆள் ஆடுவதைச் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டாமா?

அதனால் அடுத்த இதழுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். திருச்சி, லால்குடி, முசிறி, மணப்பாறை, துவாக்குடிப் பக்கம் பிள்ளைகள் ஆட விடுகிற மைதானங்களைப் பட்டியல் போடப்போகிறோம். உங்கள் பக்கத்து மைதானத்தைப் பற்றி ஒரு அஞ்சலட்டை எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கேட் திறப்பார்கள், கட்டணம் உண்டா, பெண் பிள்ளைகளுக்கு இடம் தருகிறார்களா, கழிவறை இருக்கிறதா, உட்கார நிழல் உண்டா. இதுபோதும். எந்த அணி உசத்தி என்ற கடிதங்களையும் போடுவோம். ஆர்சிபி ரசிகர்கள் மட்டும் உறையில் பெயரை மறைத்து அனுப்பவும். இல்லாவிட்டால் எனக்கு முன்னால் இன்னொருவன் பிரித்துப் படித்துவிடுகிறான்.

அன்புடன்,
ஆசிரியர்